பாஸோடு கோல்ஃப்: எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது

"சனிக்கிழமை காலைல கோல்ஃப் ஆட வர்றீங்களா?" என்று மேலதிகாரி கேட்டதும் இளைஞர்கள் பலருக்கும் ஒரே பயம்தான்: பந்து எழும்பாமல் போனால் மானம் போய்விடுமே! அந்தப் பயத்தை விடுங்கள். பதினெட்டுக் குழி ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் நீங்கள் மட்டையை வீசும் நேரம் மொத்தமே சில நிமிடம். மிச்சமெல்லாம் நடை, காத்திருப்பு, பேச்சு. பெரியவர்கள் உங்களை எடைபோடுவது அந்த மிச்ச நேரத்தில்தான்.

அலுவலகத்து மரியாதையை அப்படியே மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் சிக்கல் வரும். "நீங்க முதல்ல அடிங்க சார்" என்பது அங்கே செல்லாது. டீயில், அதாவது ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் இடத்தில், முதல் அடி போன குழியைக் குறைந்த அடியில் முடித்தவருக்கு. அதற்குப் பிறகு, குழியிலிருந்து தூரமாக எவர் பந்து கிடக்கிறதோ அவர் முதலில். வயசுக்கும் பதவிக்கும் இதில் இடமே இல்லை.

2019-இல் விதிகளைத் திருத்தியபோது, மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் யார் தயாராக இருக்கிறார்களோ அவர்கள், ஆபத்தில்லாத பட்சத்தில், வரிசை பார்க்காமல் அடிக்கலாம் என்று ஊக்கமும் கொடுத்துவிட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள் சிலருக்கு இது இன்னும் பிடிப்பதில்லை. முதல் டீயிலேயே கேட்டுவிடுங்கள்: "ரெடி கோல்ஃப் ஆடலாமா சார், இல்ல வரிசைப்படியா?" ஒருவரோடு ஒருவர் மோதும் மேட்ச் பிளே என்றால் கூடுதல் கவனம் வேண்டும். முறை தவறி நீங்கள் அடித்த அடியை எதிராளி ரத்து செய்து, மறுபடி அடிக்கச் சொல்லலாம்.

உடை, நேரம் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் வேண்டாம், அரை மணி முன்னதாகப் போங்கள், போனை அமர்த்துங்கள். கிளப்புக்கு கிளப் விதி மாறும். அழைத்தவரிடமே கேட்டால் தப்பில்லை.

வயசுக்குத் தரும் மரியாதைக்கு உண்மையான இடம் முழங்காலும் இடுப்பும். பங்கர் என்னும் மணல் பள்ளத்தை வாரியால் சமன் செய்வது, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்து விழுந்து பள்ளமான இடத்தைச் சரிசெய்வது, குழிக்குள் குனிந்து பந்தை எடுப்பது எல்லாம் எழுபது வயதுக்காரருக்கு வலி தரும் வேலை. சத்தமில்லாமல் நீங்கள் செய்துவிடுங்கள். ஆனால் ஆட்டத்தில் இருக்கும் அவர் பந்தைக் கேட்காமல் தொடாதீர்கள். உதவி என்று நினைத்து எடுத்தாலும், மேட்ச் பிளேயில் எதிராளி பந்தைத் தூக்கினால் பொதுவாக உங்களுக்கு ஓர் அடி அபராதம். "எடுக்கட்டுமா சார்?" என்று ஒரு வார்த்தை போதும். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். கைகொடுக்க ஓடி வருபவர்களைக் கண்டாலே எரிச்சலாகும் பெரியவர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பெரியவர் அடிக்கும்போது அசையாமல் நில்லுங்கள். உங்கள் நிழல் அவர் பந்து மேல் விழக் கூடாது. கிரீனில் அவருடைய பந்துக்கும் குழிக்கும் இடையிலான பாதையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். முன்னால் போகும் முதியவர்கள் மெதுவாக ஆடினால், அவர்கள் உங்கள் பந்து எட்டாத தூரம் போகும்வரை பொறுத்திருங்கள். அவசரப்படுத்த அவர்கள் பக்கம் பந்தை அடிப்பது அநாகரிகம் மட்டுமல்ல, ஆளைக் காயப்படுத்தும். பந்து தப்பிப் போனால் தொண்டை கிழிய "ஃபோர்!" என்று கத்துங்கள், அங்கே நிற்பது யாராக இருந்தாலும் சரி.

இனி, விட்டுக்கொடுக்கவே கூடாத இடம். பாஸை ஜெயிக்க விடுவதற்காகப் பந்தை வேண்டுமென்றே தவறவிடாதீர்கள். முப்பது வருஷம் ஆடியவருக்கு அது ஒரே நொடியில் தெரிந்துவிடும், அதைவிட அவமதிப்பு வேறில்லை. வயதையும் பலத்தையும் ஈடுகட்டத்தான் ஹேண்டிகேப் இருக்கிறது. உங்களுக்கு 10, அவருக்கு 24 என்றால், ஏறத்தாழ 14 அடி அவருக்கு முன்கூட்டியே தந்தாகிவிட்டது. அதற்கு மேல் நீங்கள் போடும் பிச்சை அவருக்கு எதற்கு? 2009-இல் டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் 59 வயது டாம் வாட்சன் கடைசிக் குழியில் ஓர் அடி கூடுதலாக அடித்து, கோப்பையைக் கைநழுவ விட்டார். சமநிலையை முறிக்க வைத்த நாலு குழி ஆட்டத்தில் 36 வயது ஸ்டூவர்ட் சிங்க் அவரை ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். உலகமே வாட்சனுக்காக ஏங்கிய நாள் அது. சிங்க் முழு ஆட்டம்தான் ஆடினார், அதுதான் சரி.

குழிக்கு அருகில் கிடக்கும் பந்தை "போதும், எடுத்துக்கோங்க" என்று விட்டுத்தருவது மேட்ச் பிளேயில் செல்லும். ஸ்ட்ரோக் பிளே போட்டியில் செல்லாது, எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் பந்தைக் குழியில் போட்டே தீர வேண்டும்.

இன்னொரு பொறி: "எந்த கிளப் எடுத்தீங்க சார்?" எந்த மட்டை என்று பணிவோடுதான் கேட்பீர்கள். ஆனால் போட்டி ஆட்டத்தில், உங்கள் முறை வருமுன் இப்படிக் கேட்பது ஆலோசனை கேட்பதாகும். ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி அபராதம். அதே விதி உங்களுக்குக் காவலாகவும் வரும். குழிக்குக் குழி "தோளைத் திருப்புப்பா, தலையைத் தூக்காதே" என்று பாடம் நடத்தும் பெரியவர் எல்லா கிளப்பிலும் ஒருவர் இருப்பார். போட்டியில் அப்படிச் சொல்வதற்கு அபராதம் அவருக்கு. சும்மா ஆடும் நாளில், "முடிச்சுட்டு பிராக்டிஸ் ரேஞ்சுல காட்டுங்க சார், கத்துக்கறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்.

அன்று உங்கள் கூட்டத்தில் வயதில் மூத்தவர் பாஸாக இல்லாமலும் இருக்கலாம். நந்தனத்திலோ ஊட்டியிலோ கோவையிலோ, பையைத் தூக்கி வரும் கேடிக்கு உங்கள் அப்பா வயது இருக்கக்கூடும். அந்த கிரீன் எந்தப் பக்கம் சரியும் என்பது பாஸைவிட அவருக்குத்தான் தெரியும். பாஸிடம் வரிக்கு வரி "சார்" போட்டுவிட்டு அவரை "ஏய், அந்த கிளப்ப எடு" என்று விரட்டும் இளைஞனைப் பற்றி கூட ஆடுபவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள், வாயைத் திறந்து சொல்லத்தான் மாட்டார்கள். "அண்ணே" என்று கூப்பிடுங்கள். அவர் சொன்ன கோட்டில் அடித்துப் பந்து விழாவிட்டால் பழியை அவர் மேல் போடாதீர்கள், மட்டை உங்கள் கையில் இருந்தது. கூலி எவ்வளவு என்று முன்பே விசாரித்து வைத்துக்கொண்டு, கடைசி கிரீனில் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் கைகொடுக்கும்போது அவருக்கும் கொடுங்கள்.

இளையவரை அழைத்துப் போகும் மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல கிளப்புகளில் விருந்தாளியின் கட்டணம் உறுப்பினர் கணக்கில்தான் ஏறும். அதை யார் தருவது, பந்தயம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதை வீட்டைவிட்டுக் கிளம்புமுன்பே போனில் சொல்லிவிடுங்கள். உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர் அதையெல்லாம் தானாகக் கேட்க மாட்டார்.