சைலன்சர் மாற்றிய தம்பிக்கு



புதுச் சைலன்சர் பூட்டியதிலிருந்து, அக்சிலேட்டரை விட்டதும் வண்டி பட பட என்று வெடிக்கிறது, பெற்றோல் ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டிருந்தாய். ஸ்குரூவில் இப்போது கை வைக்காதே. முதலில் மணலைப் பார்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் மன்னார்த் தீவில் தார் வீதிக்கு மேலேயே மணல் ஓடும். அது எயார் பில்டரை அடைத்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிவிடும். அந்த நிலையில் கலவையைச் சரிசெய்தால், பில்டரைத் துப்புரவாக்கும் அன்றைக்கே எல்லாம் மறுபடி பிழைக்கும். புது பில்டர் போட்டுவிட்டு ஆரம்பி. காற்று நன்றாக வரட்டும் என்று பில்டரையே கழற்றி எறிகிற பொடியன்கள் உண்டு. மணல் பிஸ்டன் றிங்கை அராவிவிடும், அது மட்டும் வேண்டாம்.

அடுத்தது, சைலன்சர் குழாய் என்ஜினோடு சேருமிடத்துக் காஸ்கெட். அங்கே கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு இதே வெடிச்சத்தம் வரும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணி அந்த மூட்டருகே கையைப் பிடி. புகை கையில் அடித்தால் காஸ்கெட்டை மாற்று.

இரண்டும் சரியென்றால் கலவைக்கு வரலாம். ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். புதுச் சைலன்சரில் புகை தடையில்லாமல் வெளியேறுவதால் காற்றுக் கூட நுழைகிறது. காபரேட்டரின் ஜெட்டோ பழைய சைலன்சருக்கு அளந்து வைத்தது. கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். சத்தம் கூடியதால் இழுவையும் கூடிவிட்டதென்று நம்பி, இதைக் கவனிக்காமல் விடுகிறவர்களே அதிகம்.

அக்சிலேட்டரை விட்டதும் வெடிப்பதென்றால் பெரும்பாலும் கோளாறு நீ கேட்ட அந்தப் பெற்றோல் ஸ்குரூவில், அதாவது பைலட் ஸ்குரூவில்தான். அது காபரேட்டரில் என்ஜின் பக்கம் இருந்தால், வெளியே திருப்பப் பெற்றோல் கூடும். பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைத் திறக்கும் ஸ்குரூ. அதை உள்ளே திருப்பினால்தான் பெற்றோல் கூடும். முதலில் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எழுதிவை. இறுக்காதே, முனை கெட்டுவிடும். பழைய இடத்துக்கே கொண்டுவந்து, வண்டியை ஓடிச் சூடாக்கிவிட்டு, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறு. என்ஜின் ஆக வேகமாகவும் ஒரே சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்குரூவால் வேகத்தைக் குறை.

அரை அக்சிலேட்டரில் தயங்கினால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கு. ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும். முழு அக்சிலேட்டரில் மூச்சு முட்டினால்தான் மெயின் ஜெட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

மாற்றியது சரியா என்பதைப் பிளக்கின் நிறம் சொல்லும். பொருளாதாரத் தடையிருந்த 1990களில் பெற்றோலில்லாமல் வடக்கில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ணமட்டும் சில துளி பெற்றோல். கரி பிடித்த பிளக்கைக் கழற்றிக் கழற்றித் துடைத்தவர்கள் நம் பழைய மெக்கானிக்மார். பிளக்கின் நிறத்தைப் படிப்பதை அவர்களிடம் கேட்டுப் படி. 2020இலிருந்து சில ஆண்டுகள் வாகன இறக்குமதியை நிறுத்திவைத்திருந்ததால் நம் வீதிகளில் இன்றும் காபரேட்டர் வண்டிகள் நிறைய. அவர்கள் அறிவு இன்னும் வேண்டியிருக்கிறது.

முழு அக்சிலேட்டரில் ஓடிப் பார்க்கத் தீவுக்குள் இடமில்லை. வீதியில் கழுதைகள் படுத்திருக்கும். பாலம் தாண்டி, பூநகரிப் பக்கம் போகும் ஏ32 வீதியில் ஆளில்லாத நேர்துண்டில் பகலில் போ. எதிர்காற்றிலும் பின்காற்றிலும் ஓடு, ஒன்றை மட்டும் நம்பாதே. ஓட்டத்திலேயே கிளச்சைப் பிடித்து என்ஜினை நிறுத்தி, ஓரமாக நின்று, சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்று. வெள்ளையென்றால் மெலிவு, கரியென்றால் பெற்றோல் அதிகம், இளம் பழுப்பென்றால் சரி.

மெயின் ஜெட் மாற்றத்தான் வேண்டுமென்றால், பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், அதில் பொறித்த இலக்கத்துக்கு அடுத்த பெரியதை மட்டும் கேள்.

அன்புடன்,
அண்ணன்