இடையில் நின்ற கல்வி

கல்வி இளமைக்கு உரியது என்பது நம் முன்னோர் கொள்கை. ஔவையாரும் இளம்பருவத்திலேயே கற்கத் தொடங்குமாறு சிறுவர்க்குக் கட்டளையிட்டார். ஆயினும் அப்பருவம் கடந்தவன் ஏட்டை மூடிவிட வேண்டும் என்று அவர் யாண்டும் கூறினாரல்லர். வள்ளுவரோ, இறக்குமளவும் ஒருவன் கல்லாது கழிப்பது எக்காரணத்தால் என்று வியப்போடு வினவுகின்றார். தொடங்குவதற்கு ஒரு பருவம் சொல்லப்பட்டதேயன்றி, முடிப்பதற்கு ஒரு பருவம் சொல்லப்படவில்லை. இவ்வேறுபாட்டை உலகத்தார் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். முப்பது வயதினர் ஒருவர் பள்ளிப் பாடநூலைக் கையில் எடுத்தால், "இனிமேல் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார் உளர். அக்கேள்வியிற் சிறிது கேலியும் கலந்திருக்கும்.

அவர் என்ன செய்யப் போகிறார் என்பதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே வேப்பம்பட்டு என்னும் ஊர் உள்ளது. இவ்வூரிலும் சுற்றூர்களிலும் வாழ்வோர் பலர் நாள்தோறும் மின்தொடர் வண்டியேறி, ஆவடி, அம்பத்தூர் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குச் சென்று வருகின்றனர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் அமைந்தது. அக்காலத்திற் கடைசல் எந்திரத்தின் முன் நின்று (தொழிலாளர் அதனை லேத் என்பர்), கைச்சக்கரத்தைத் திருப்பி, கண்ணாலும் விரலாலும் அளவறிந்து இரும்பைக் கடைபவனே கைத்திறன் உடையவன் எனப் போற்றப்பட்டான். இன்றோ அவ்வெந்திரத்திற்குக் கட்டளையிடுவது கணிப்பொறி. சி.என்.சி. எனப்படும் அப்புதிய எந்திரத்தை இயக்குவோன் வரைபடத்தைப் பார்த்துப் பொருளறிதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கிய நுண்ணளவையும் தசமப் புள்ளியிட்டுப் பிழையின்றி எழுதித் தருதல் வேண்டும். இருபது ஆண்டுக் கைப்பழக்கம் உடையவனுக்கும் இங்கே ஏடு வேண்டியிருக்கின்றது. இனி, பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையிலுள்ள பெண் ஒருத்தி செவிலியாக விரும்புகிறாள் என்று கொள்வோம். நோயாளரிடம் பொறுமையும் அன்பும் அவளுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கலாம். பள்ளிச் சான்று இல்லையேல் அவள் வாயிற்படியிலேயே நிறுத்தப்படுவாள்.

வயது முதிர்ந்தால் மூளை மழுங்கிவிடும், ஆதலால் படிப்பு ஏறாது என்பர் சிலர். இஃது ஓரளவே உண்மை. நெட்டுருப் பண்ணுதலிலும் வேற்றுமொழி ஒலிகளை நாவிற் பழக்குதலிலும் சிறுவர்க்குள்ள விரைவு வளர்ந்தார்க்கு இல்லை. ஆனால், வட்டிக் கணக்கை ஏட்டிற் படிக்கும் சிறுவனுக்கு அது வெறும் கணக்கு; கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய ஒருவர்க்கோ அஃது அனுபவத்திற் கண்ட பொருள். பொருளுணர்ந்து கற்றலில் வளர்ந்தாரே விரைந்து செல்வர். அவர்க்கு உண்மையான தடை மூளையன்று. பகற்பொழுது கூலிக்கு விற்கப்பட்டுவிட்டது. மாலைப்பொழுது அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாகிவிட்டது. எஞ்சியிருக்கும் இரவில் எந்தப் பள்ளியும் திறந்திருப்பதில்லை. அவர்க்குப் பொருந்தும் கதவு ஒன்று வேண்டும். அத்தகைய கதவின் வழியே சென்ற மூவர் வரலாறு இங்குக் கூறப்படும்.

முதல்வர், டாக்டர் மு. வரதராசனார். 1912ஆம் ஆண்டிற் பிறந்த இவர், பள்ளியிறுதித் தேர்வில் வென்றபின் 1928இல் திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். உடல்நலம் குன்றியமையால் அவ்வேலையைத் துறந்தார். ஓய்வுக் காலத்தை வீணாக்காது, முருகைய முதலியார் என்பாரிடம் முன்னரே தொடங்கிய தமிழ்க் கல்வியைத் தொடர்ந்து, கல்லூரியிற் சேராமலே வித்துவான் தேர்வுக்குப் பயின்றார். 1935இல் அத்தேர்வில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறி, திருப்பனந்தாள் திருமடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசையும் பெற்றார். அலுவலகத்தில் எழுத்தராயிருந்தவர் பள்ளியில் தமிழாசிரியரானார்; 1939இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளரானார்; 1948இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர்தம் உழைப்பை நாம் அறிவோம். எனினும் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். கல்லூரி வகுப்பில் அமராதவனும் தனியே கற்று வித்துவான் தேர்வு எழுதலாம் என்று விதி இருந்தது. அவ்விதி இல்லையாயின், அவ்வுழைப்பு எங்கே சென்று சேர்ந்திருக்கும்?

இரண்டாமவர் வரலாறு சற்று விரிவாகக் கூறத்தக்கது. லலிதா என்பார் 1919இற் சென்னையிற் பிறந்தவர். தெலுங்கு பேசும் குடும்பத்தினர். பதினைந்தாம் வயதில் மணம் நிகழ்ந்தது. 1937இல் மகள் ஒருத்தி பிறந்தாள். குழந்தைக்கு நான்கு திங்கள் நிறையுமுன் கணவர் இறந்தார். அக்காலத்தில் இளங்கைம்பெண்ணுக்கு உலகம் வகுத்திருந்த வாழ்வு யாது என்பதை நீங்கள் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருத்தல் கூடும். லலிதா அவ்வாழ்வை ஏற்றிலர். இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பில் முதல் வகுப்பிலே தேறிய பின்னர்ப் பொறியியல் கற்க விரும்பினார். மருத்துவம் கற்கலாமே என்று கூறுவார் இருந்தனர். மருத்துவர் நள்ளிரவிலும் நோயாளி வீட்டுக்குச் செல்ல நேரும். குழந்தையை விட்டு அங்ஙனம் செல்லுதல் இயலாது என்பது அவர் எண்ணம். கற்பனையில் மிதவாமல், தம் வாழ்க்கைக்கு எத்தொழில் இசையும் என்று கணக்கிட்டு அவர் முடிவு செய்தமை பாராட்டத்தக்கது.

கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அங்கே மாணவி ஒருவரும் பயின்றதில்லை. லலிதாவின் தந்தையார் பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியராக இருந்தார். அவர் கல்லூரி முதல்வரான சாக்கோவிடம் வேண்டினார்; கல்வித்துறைத் தலைவரின் இசைவும் பெறப்பட்டது. 1940இல் லலிதா மாணவியானார். குழந்தையைக் குடும்பத்தார் பொறுப்பில் விட்டு, விடுதியில் தங்கினார். அவரைத் தொடர்ந்து, கேரள நாட்டைச் சேர்ந்த திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்னும் மகளிர் இருவரும் சேர்ந்தனர்.

படிப்பு முடிந்து பட்டச் சான்று அளிக்கும் வேளையில் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. ஆங்கிலத்தில் முன்னரே அச்சிடப்பட்டிருந்த சான்றில் ஆண்பாற் சொல்லே இருந்தது. அதனை மையால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுத்தனர். தமிழில் அச்சிட்டிருந்தால் 'அவர்' என்னும் ஒரு சொல் இருபாலார்க்கும் போதுமாயிருந்திருக்கும்; அடிக்க வேண்டிய தேவையே நேர்ந்திராது!

லலிதா ஜமால்பூர் இருப்புப்பாதைத் தொழிற்கூடத்திற் பயிற்சி பெற்று, சிம்லாவில் அரசுப் பணி செய்து, பின்னர்க் கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவர்க்குப் பங்குண்டு. 1964இல் நியூயார்க்கு நகரில் நடந்த, பெண் பொறியியலாரும் அறிவியலாரும் கூடிய முதல் உலக மாநாட்டிற் கலந்துகொண்டார். அவரோடு பயின்ற திரேசியா கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். ஒருவர்க்காகத் திறந்த கதவின் வழியே அடுத்தவர் இருவரும் நுழைந்தமையை இங்கே கருதுக.

எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தந்தை பேராசிரியராக இல்லாத பெண்ணின் கதி யாது? குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் இல்லாதவள் என் செய்வாள்? அருமுயற்சியால் உயர்ந்தாரைப் புகழும்போது அவர்தம் மனவுறுதியை மட்டுமே கூறி, துணைநின்றவரை விட்டுவிடுதல் நம் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு கூறுதல் பாதி உண்மையே. மறுபாதியை உணர்ந்து செயலாற்றியவர், மூன்றாமவராகிய துர்காபாய் அம்மையார்.

இவர் 1909இல் இராசமகேந்திரியிற் பிறந்தார். எட்டு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டார். வளர்ந்தபின் அப்பிணைப்பினின்றும் விலகினார். நாட்டு விடுதலைப் பற்றினால் ஆங்கிலப் பள்ளியைப் புறக்கணித்து வெளியேறினார். 1923இற் காக்கிநாடாவிற் காங்கிரசு மாநாடு கூடியபோது, கதர்க் காட்சியின் வாயில்காக்கும் தொண்டராக நின்ற அச்சிறுமி, நுழைவுச்சீட்டு இல்லாது வந்த நேருவையே உள்ளே விட மறுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. சீட்டு வாங்கப்பட்ட பின்னரே நேரு உள்ளே சென்றார். 1930இற் சென்னையில் உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். வேலூர், மதுரைச் சிறைகளில் அவர் கழித்த நாட்களே அவர்தம் வாழ்வின் போக்கை மாற்றின. கொடுங்குற்றங்களுக்குத் தண்டனை பெற்ற பெண்களை அங்கே கண்டார். அவருட் பலர் எழுத்தறியாதவர். தம்மீது சாட்டப்பட்டது யாது, சட்டம் தமக்கு அளிக்கும் காப்பு யாது என்பதைக்கூட அறியாதவர். இவர்களுக்காகப் பேச வேண்டின் சட்டம் கற்றல் வேண்டும் என்று துர்காபாய் உறுதிகொண்டார்.

சட்டம் கற்பதற்குப் பட்டம் வேண்டும். பட்டத்திற்குப் பள்ளிச் சான்று வேண்டும். அவரிடமோ பள்ளிச் சான்றும் இல்லை. விடுதலை பெற்றபோது அகவை இருபத்து நான்கு. ஆங்கிலத்தைத் தொடக்கத்திலிருந்தே கற்கவேண்டியிருந்தது. தனியே பயின்று காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வில் வென்றார். பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் நூல் பயில விழைந்தபோது, மகளிர்க்கு விடுதி இல்லை என்று தடை கூறப்பட்டது. அவர் திரும்பிச் சென்றுவிடவில்லை. தம்மைப்போலப் படிக்க விரும்பிய பெண்களைத் தேடிக் கூட்டி, விடுதி ஒன்றைத் தாமே அமைத்துவிட்டார். 1942இற் சென்னைப் பல்கலைக்கழகத்திற் சட்டப் பட்டம் பெற்றார். 1946இல் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகி, இந்திய அரசியல் சட்டத்தை வகுத்தோருள் ஒருவரானார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இவர் வரலாறும் முன்னையோர் வரலாறு போன்றதே. ஆனால், தாம் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மயிலாப்பூரில் அண்டை வீட்டுப் பெண்களைச் சேர்த்துக் காசித் தேர்வுக்குப் பயிற்றினார். அம்முயற்சியே 1937இல் ஆந்திர மகிளா சபை என்னும் நிறுவனமாக மலர்ந்தது. 1953இல் மத்திய சமூகநல வாரியம் தோன்றியபோது அவர் அதன் முதல் தலைவரானார். அக்காலத்தில் நாடெங்கும் கிராமசேவிகைகளும் செவிலியரும் மகப்பேறு பார்ப்போரும் தொடக்கப்பள்ளி ஆசிரியைகளும் வேண்டப்பட்டனர். அவ்வேலைகளுக்கு வர விரும்பிய பெண்கள் இருந்தனர், வேலைகளும் இருந்தன, இடையில் நின்றது பள்ளிச் சான்று ஒன்றே. கைம்பெண்களும், கணவராற் கைவிடப்பட்டோரும், வறுமையாற் படிப்பை நிறுத்தியோரும் சிறுமியருடன் அமர்ந்து ஒவ்வொரு வகுப்பாக ஆண்டுக் கணக்கில் ஏறுதல் இயலுமோ? இதனை எண்ணிப் பார்த்து, வளர்ந்த மகளிர்க்கெனச் சுருக்கக் கல்வித் திட்டத்தை 1958இல் வாரியத்தின் வாயிலாகத் தொடங்கினார். பல ஆண்டுப் பாடங்களை இரண்டே ஆண்டுகளிற் கற்பித்து, பொதுத் தேர்வுக்கு அனுப்புதல் அதன் முறை. வளர்ந்தவர் பொருளுணர்ந்து விரைந்து கற்பர் என்னும் நம்பிக்கையின்மீதே அத்திட்டம் நிறுவப்பட்டது. அம்மையார் 1981இல் மறைந்தார். சென்னை இராசா அண்ணாமலைபுரத்தில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இப்பொழுது கதவுகள் பல. மு. வரதராசனார் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அவ்வாண்டிலேயே அங்கு அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. தனியே படித்து உயர்ந்தவர் தலைமையில் அது நடந்தமை பொருத்தமே. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. எட்டாம் வகுப்புத் தேர்வைப் பள்ளியிற் சேராமலே தனித்தேர்வராக எழுதலாம். பன்னிரண்டரை வயது நிரம்பியிருத்தல் வேண்டும், அதற்குமேல் எவ்வயதினரும் எழுதலாம். அத்தேர்ச்சியைக் கொண்டு அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களிற் சில தொழிற்பிரிவுகளில் இடம் பெறலாம். ஏனைய பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். மக்கள் ஐ.டி.ஐ. என்று வழங்கும் இந்நிலையம் அம்பத்தூரிலேயே உண்டு. அங்குச் சேர ஆடவர்க்கு வயது எல்லை நாற்பது. மகளிர்க்கு உச்ச எல்லையே இல்லை. ஆகவே, வேப்பம்பட்டில் வண்டியேறும் ஐம்பது வயது அம்மையார் ஒருவர் மின்பணியோ பற்றவைப்போ கற்க விரும்பினால், அவரைத் தடுக்கும் விதி யாதும் இல்லை.

விதி தடுக்காவிடினும் நாணம் தடுப்பதுண்டு. நீண்ட நாள் விட்டுப்போன படிப்பைத் தொடர்வோர் பலர்க்கு முதலில் இடறுவன பின்னக் கணக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டும். அவற்றை அயலாரிடம் கேட்க அவர்கள் கூசுவர். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மகனோ மகளோ உள்ள வீட்டில், அதற்கு ஆசிரியரைத் தேடி வெளியே போக வேண்டுவதில்லை. இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் போதும். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருக்கும்.