பட்டாசுச் சீட்டு: எப்போது பணத்தைத் திரும்பக் கேட்கலாம்?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசுச் சீட்டு எல்லாருக்கும் பழகிய விஷயம். மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் தீபாவளிக்கு ஒரு பெட்டி கிடைக்கும். மடித்த அட்டையின் ஒரு பக்கம் தவணைக் கட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் சீட்டு பிடிப்பவரின் கிறுக்கல் கையெழுத்து. மறுபக்கம் லட்சுமி வெடி, புஸ்வாணம், சங்குசக்கரம், சரவெடி என்று சரக்குப் பட்டியல். சரக்கு தர முடியாமல் போனால் பணம் என்னாகும் என்பதைப் பெரும்பாலான அட்டைகள் சொல்வதில்லை. இந்தச் சீட்டுகளைப் பல வருடம் கவனித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: தடங்கல் யார் பக்கம் வந்தது, எவ்வளவு சரக்கு கைக்கு வரவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் முக்கால்வாசிச் சண்டை தீர்ந்துவிடும்.

2018 தீபாவளி நவம்பர் 6-ம் தேதி வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 23-ல், உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டது. சீட்டுக்காரர்கள் அதற்குள் ஏறக்குறைய எல்லாத் தவணையும் கட்டி முடித்திருப்பார்கள். பட்டியலில் இருந்த சரவெடியைச் சட்டப்படி இனி யாரும் தர முடியாது, தடையில்லாத மற்றதைத் தரலாம். கால்பந்து சீசன் டிக்கெட் விஷயத்திலும் இதே சிக்கல் வந்தது. 2020-ல் கொரோனாவால் மைதானங்கள் மூடப்பட்டபோது, பல இங்கிலாந்து கிளப்கள் ரசிகர்கள் நேரில் பார்த்த ஆட்டங்களைக் கழித்துவிட்டு, மீதி ஆட்டங்களுக்கு மட்டும் கணக்குப் பார்த்துப் பணம் தந்தன, அல்லது அடுத்த சீசனில் வரவு வைத்தன. சீட்டுக்கும் அதுதான் சரியான கணக்கு. வராத சரக்கின் விலை மட்டும் திரும்ப வர வேண்டும். பணமா, அடுத்த வருடச் சீட்டில் வரவா என்று முடிவு செய்ய வேண்டியவர், பணம் கட்டியவர்.

“தடை போட்டது நீதிமன்றம், நான் என்ன செய்வேன்? கட்டிய பணம் ஃபேக்டரிக்குப் போய்விட்டதே” என்று சீட்டு பிடிப்பவர் கேட்பார். அவர் மேல் தப்பில்லைதான். ஆனால் தப்பில்லை என்பதால் பணம் அவருடையதாகிவிடாது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு, செய்ய முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அப்படிச் செல்லாமல் போனால், வாங்கிய பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-வது பிரிவு. ஃபேக்டரியில் மாட்டிய பணத்தை அவர் ஃபேக்டரியிடம்தான் கேட்க வேண்டும். மாதாமாதம் கட்டிய வீடுகள் அந்த நஷ்டத்தைச் சுமக்க முடியாது.

தடங்கல் நம் பக்கம் வந்தால் கதை வேறு. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த வருடம் தீபாவளி கிடையாது, பட்டாசும் வேண்டாம். சரக்கு தயாராக இருக்கும்போது முழுப் பணத்தைக் கேட்பது, காய்ச்சலால் ஆட்டத்துக்குப் போக முடியாதவர் டிக்கெட் காசைக் கேட்பது மாதிரி. கேட்கலாம், உரிமையென்று வாதாட முடியாது. ஆனாலும் அந்தப் பெட்டி தீபாவளிச் சந்தையில் விலைபோகக்கூடியது. அதனால் சீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தருவதோ, முன்கூட்டியே சொன்ன சிறு பிடித்தம் போக மீதியைத் தருவதோ நியாயம். “நம்பிக்கையில் நடக்கிற சீட்டுக்கு எழுத்தெல்லாம் எதற்கு?” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தவணையை மட்டும் கையெழுத்துப் போட்டுத்தானே வாங்குகிறோம்? திருப்பித் தருவதையும் அதே அட்டையில் எழுதுவதால் நம்பிக்கை குறைந்துவிடாது.

ஆகவே, முதல் தவணை கட்டும்போதே மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: சரக்குக்குத் தனித்தனி விலை, தராவிட்டால் எந்தத் தேதிக்குள் பணம், நாமே விலகினால் எவ்வளவு பிடித்தம். பெட்டி எந்த லைசென்ஸ் கடையிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். ஜிபே-யில் கட்டினால் ஸ்கிரீன்ஷாட்டைச் சேமித்து வையுங்கள். ‘சிவகாசி நேரடி விலை’ என்று வரும் இணையதளங்களுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஆன்லைன் விற்பனை நிறுவனங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று அதே 2018 தீர்ப்பு சொல்கிறது. ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். உள்ளூர்ச் சீட்டில் பேச்சு முறிந்தால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐப்பசியில் அங்கே ஓடுவதைவிட, சீட்டு சேரும் மாதத்தில் இரண்டு வரி எழுதச் சொல்வது சுலபம். எழுத மறுப்பவரிடம் சீட்டு கட்டாதீர்கள்.