மின்வெட்டும் மடிக்கணினியும்

2022ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தை எங்கள் வீட்டில் எவரும் மறக்கவில்லை. நாட்டில் டொலர் இல்லை. அதனால் அனல் மின் நிலையங்களுக்கு எரிபொருள் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்திருந்தது. மார்ச் 31ஆம் திகதிக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பொத்துவிலில் நாங்கள் மெழுகுதிரியோடு பழகிய நாட்கள் அவை.

ராத்தா அப்போது பல்கலைக்கழக மாணவி. வாப்பா வாங்கிக் கொடுத்தது வேறொருவர் பாவித்த மடிக்கணினி. அதில்தான் ஒப்படை எழுதிக்கொண்டிருந்தாள். பற்றரியில் 14 சதவீதம் காட்டியது. "இன்னும் இருக்குதானே" என்று எழுதிக்கொண்டே போனாள். சட்டென்று திரை கறுத்துவிட்டது. மஃரிபுக்குப் பிறகு எழுதியது முழுவதும் போயிற்று. "அழாத புள்ள, கரண்ட் வந்தாப் பார்ப்பம்" என்றார் உம்மா. கரண்ட் வந்தது, எழுதியது வரவில்லை.

இடையிடையே சேமிக்காதது அவளுடைய பிழைதான். ஆனால் 14 சதவீதம் இருக்கையில் கணினி ஏன் அணைய வேண்டும்? அதைத் தேடப்போய் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பற்றரியின் கொள்ளளவு 40 வாற்று மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். கணினி 20 வாற்று எடுத்தால் இரண்டு மணித்தியாலம் ஓடும். 10 வாற்று எடுத்தால் நான்கு. எழுத்து வேலை செய்யும்போது அதிகம் எடுப்பவற்றுள் திரையின் வெளிச்சம் முக்கியமானது. இரவில் அதைப் பாதிக்குக் கீழே குறைத்தாலும் கண்ணுக்குக் கஷ்டமில்லை. 'பற்றரி சேவர்' பின்னணியில் ஓடும் வேலைகளைக் கட்டுப்படுத்தும். விண்டோஸ் 10இல் வழக்கமாக 20 சதவீதத்தில் அது தானாகவே தொடங்கும். மின்வெட்டு நாளில் அதுவரை காத்திராமல் நாமே தொடக்கிவிடலாம். 'ஸ்கிரீன் சேவர்' என்ற அசையும் படம் மின்சாரத்தைச் சேமிக்காது. பெயரைப் பார்த்து நானும் ஏமாந்திருந்தேன்.

மூடியைச் சாத்தினால் கணினி அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அது 'ஸ்லீப்' நிலைக்குத்தான் போகிறது. திறந்திருக்கும் வேலை தற்காலிக நினைவகத்தில் இருக்கும்; அந்த நினைவகம் உயிரோடிருக்க மின்சாரம் வேண்டும். பற்றரி தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது. 'ஹைபர்நேட்' வேறு. நினைவகத்தில் உள்ளதை அப்படியே வன்தட்டில் எழுதிவைத்துவிட்டுக் கணினி அணைந்துவிடும். மறுநாள் திறந்தாலும் விட்ட வரியிலேயே நிற்கும். பல கணினிகளில் இது பட்டியலில் தெரிவதில்லை. கொன்ட்ரோல் பெனலின் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவுசெய்யும் இடத்தில் அதை இயக்கலாம்.

இனி ராத்தாவின் 14 சதவீதம். பவர் ஒப்ஷன்ஸின் மேலதிக அமைப்புகளில் 'கிரிட்டிகல் பற்றரி லெவல்' என்று ஓர் எண் இருக்கிறது. பற்றரி அந்த அளவுக்கு இறங்கியதும் கணினி தானே ஹைபர்நேட் ஆக வேண்டும். அவளுடையதில் அது 5 ஆக இருந்தது. புதிய பற்றரிக்கு அது போதும். பழைய பற்றரி காட்டும் சதவீதமோ ஒரு மதிப்பீடுதான். அதை நம்ப முடியாது. கலங்கள் தளர்ந்துபோனால் 14 காட்டும்போதே மின்னழுத்தம் விழுந்துவிடும். 5க்கு வந்து சேர்வதற்குள் கணினி அணைந்துவிட்டது. காப்பாற்றும் வேலையைத் தொடங்க அதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. பாவித்த கணினி வாங்கும் பெற்றோர் இந்த எண்ணை மட்டுமாவது உயர்த்திவிட வேண்டும். பக்கத்திலேயே 'கிரிட்டிகல் பற்றரி எக்ஷன்' இருக்கும். அதில் ஹைபர்நேட் தெரிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பற்றரியைச் சீக்கிரம் கிழடாக்குவது சூடு. நம்மூர் வெயில் போதாதென்று தலையணையில் வைத்துக் கணினி பார்ப்போம். காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். ஒரு பலகைத் துண்டை அடியில் வைத்தால் போதும்.

ராத்தாவின் கணினியில் நான் அந்த எண்ணை 20 ஆக்கினேன். அடுத்த மின்வெட்டில் திரை அணைந்தபோது அவள் என்னைத்தான் ஏசினாள். கரண்ட் வந்து திறந்தாள். பாதியில் நின்ற சொல்லுக்குப் பக்கத்தில் சுட்டி மின்னிக்கொண்டிருந்தது.