குளிர்ந்த வால்மீனில் எக்ஸ்-கதிர்

எக்ஸ்-கதிர்கள் தோன்றுவதற்கு மிகுந்த வெப்பமோ, பெருவேகத்தில் பாயும் எலெக்ட்ரான்களோ தேவை என்பது பௌதிக மாணவர் அறிந்ததே. ஆனால் பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த வால்மீன் மிகக் குளிர்ந்த பொருளாகும். 1996 மார்ச்சில் ஹியாகுடேகே வால்மீன் பூமிக்குச் சுமார் 1.5 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்தது. அப்பொழுது ஜெர்மானியச் செயற்கைக்கோளாகிய ரோசாட் அதனின்று எக்ஸ்-கதிர்கள் வருவதைக் கண்டது. சூரியனை நோக்கிய பக்கத்தில் அவை பிறை வடிவில் மிகுந்திருந்தன. சூரியனின் எக்ஸ்-கதிர்கள் வால்மீனில் பட்டுச் சிதறுகின்றன என்று கொண்டால், அவ்வளவு ஒளி கிட்டாது. பின் இதன் காரணம் யாது?

1997-இல் தாமஸ் கிராவன்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி விளக்கம் தந்தார். சூரியனிலிருந்து வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சூரியக் காற்றில் பெரும்பகுதி ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் அயனிகளே. ஆயினும் கார்பன், ஆக்ஸிஜன் போன்றவற்றின் அயனிகளும் சிறிதளவு உண்டு. பத்து லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட சூரிய வெளிமண்டல வெப்பத்தில் இவை தம் எலெக்ட்ரான்களுள் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டவை.

எட்டு எலெக்ட்ரான்களுள் ஏழை இழந்த ஆக்ஸிஜன் அயனி, வால்மீனைச் சூழ்ந்த நீராவி மூலக்கூறை நெருங்கும்போது அதனிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கவர்கிறது. இதுவே மின்னூட்டப் பரிமாற்றம். கவரப்பட்ட எலெக்ட்ரான் முதலில் மேற்படியில் அமர்ந்து, பின்னர் கீழ்ப்படிகளுக்கு இறங்குகிறது. இறுதி இறக்கத்தில் சுமார் 560 எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள எக்ஸ்-கதிர் வெளிப்படுகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளித்துகளின் சக்தி 2 அல்லது 3 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. இச்சக்தி வால்மீனுடையதன்று, சூரியனில் எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்தபோதே அயனியில் சேமிக்கப்பட்டது.

2000-இல் லீனியர் வால்மீனை ஆராய்ந்த சந்திரா விண்தொலைநோக்கி, ஆக்ஸிஜன், நைட்ரஜன் அயனிகளுக்குரிய நிறமாலைக் கோடுகளைப் பதிவுசெய்து இவ்விளக்கத்தை உறுதியாக்கிற்று.

இதன் விளைவு வால்மீன்களோடு நிற்கவில்லை. வானெங்கும் பரவித் தோன்றும் மென் எக்ஸ்-கதிர் ஒளி, சூரியமண்டலத்திற்கு அப்பாலுள்ள வெப்ப வாயுவிலிருந்து வருவதாகக் கருதப்பட்டு, அவ்வாயுவின் வெப்பமும் அழுத்தமும் கணிக்கப்பட்டிருந்தன. ஆனால் சூரியமண்டலத்தினுள்ளே பரவியுள்ள நடுநிலை ஹைட்ரஜன், ஹீலியம் அணுக்களும் சூரியக் காற்றுக்கு எலெக்ட்ரான்களை அளிக்கின்றன. அவ்வொளி முழுவதும் இவ்வாறு பிறந்ததாயின், வெப்ப வாயு என்பதே பொய்யாகிவிடும். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஏவப்பட்ட ஆராய்ச்சி ராக்கெட் இதனை அளந்தது. பால்வீதித் தளத்தில் கால் கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவிலுள்ள ஒளியில் ஏறத்தாழ 40 சதவிகிதமே மின்னூட்டப் பரிமாற்றத்தால் விளைவது எனத் தெரிந்தது. ஆகவே வெப்ப வாயு உண்மையே. அதன் கணக்குகளே திருத்தப்பட வேண்டியவையாயின. தொலைவிலுள்ளதை அளக்குமுன், இடையிலுள்ளது தரும் பங்கைக் கழித்தல் இன்றியமையாதது.