துப்பாக்கிக்கும் பாஸ்வேர்ட் உண்டு!

சென்ற ராகி அறுவடை சமயத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா வீட்டிற்குப் போயிருந்தேன். அங்கே ராகி முற்றும் மாதங்களில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. கர்நாடகாவின் பன்னர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் அருகிலுள்ள சானமாவு என்று யானைக் கூட்டங்கள் வந்து இறங்கும் நேரம் அது. பரண் மேல் காவலுக்குப் படுத்திருந்த சித்தப்பா, செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வேட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்திய டெலஸ்கோப் வழியாகப் பார்க்கிறார். எதிரே நிற்கும் மான் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அதற்குள்ளேயே எண் தெரிகிறது.

"ஏம்ப்பா, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இது எப்படி வேலை செய்யுது? துப்பாக்கி வேண்டாம், அந்தக் கண்ணாடி மட்டும் கிடைச்சா யானை எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு பார்த்துக்கலாம் இல்ல?" என்று கேட்டார்.

நான் பெங்களூருவில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். ஆனாலும் அன்று சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கடைசியில் இது உங்கள் வீட்டு வை-ஃபை வரைக்கும் வந்து நிற்கும்!

ஒளியை வைத்து தூரத்தை அளப்பது எப்படி?

இந்தக் கருவிக்குப் பெயர் லேசர் ரேஞ்ச் ஃபைண்டர். பட்டனை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பு ஒன்று கிளம்பும். எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்பி வரும். போய் வர எவ்வளவு நேரம் ஆனது என்று உள்ளே இருக்கும் சிப் கணக்கிடும். அவ்வளவுதான்.

ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். 300 மீட்டரில் உள்ள மரத்துக்குப் போய்த் திரும்ப 600 மீட்டர். இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் 10 லட்சத்தில் 2 பங்கு, அதாவது 2 மைக்ரோ செகண்ட். ஒரு மீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் 7 நானோ செகண்ட் வித்தியாசத்தைக்கூட அந்தச் சிப் கண்டுபிடிக்க வேண்டும். என்ன, தலை சுற்றுகிறதா?

இதில் ஒரு சிக்கலும் உண்டு. லேசருக்கு மரம், மான் என்ற பேதம் தெரியாது. எதில் பட்டுத் திரும்பினாலும் அதற்கு அது தூரம்தான். பனிமூட்டம், மழைத்துளி, முன்னால் ஆடும் ராகிக் கதிர் எல்லாமே ஒளியைத் திருப்பி அனுப்பும். ஓசூர்ப் பக்கத்துப் பனிக்காலத்து அதிகாலையை நினைத்துப் பாருங்கள். கருவி காட்டும் எண் யானையின் தூரமா, பனியின் தூரமா என்று எப்படிச் சொல்வது?

தூரம் தெரிந்தால் என்ன லாபம்?

துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் போகாது. நீங்கள் எறியும் கல்லைப் போல அதுவும் கீழே விழுந்துகொண்டேதான் போகும். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 300 மீட்டரைக் கடக்க 0.375 நொடி ஆகும். காற்றின் தடையை விட்டுவிட்டு பள்ளிக்கூட ஃபிசிக்ஸ் கணக்கைப் போட்டால், அதற்குள் சுமார் 69 செ.மீ. இறங்கிவிடும். 400 மீட்டரில் 122 செ.மீ. இறங்கும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அதனால்தான் தூரத்தை அளக்கும் கருவியும், எவ்வளவு உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டரும் ஒன்று சேர்ந்தன.

வயர்லெஸ் எங்கே வருகிறது?

முன்பெல்லாம் ஒரு கருவியில் தூரத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து, டெலஸ்கோப்பின் திருகைக் கையால் திருப்ப வேண்டும். 2018-ல் சிக் சாவர் நிறுவனம் பி.டி.எக்ஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது. கையில் உள்ள ரேஞ்ச் ஃபைண்டர் தூரத்தை அளக்கும். குண்டின் விவரங்களை செல்போன் ஆப்பில் முன்பே பதிந்து வைத்திருப்பார்கள். கணக்கின் விடை ப்ளூடூத் மூலம் டெலஸ்கோப்புக்குப் போகும். எங்கே குறி வைக்க வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி ஒளிரும். உங்கள் செல்போனும் ஹெட்செட்டும் பேசிக்கொள்ளும் அதே ப்ளூடூத்தான் இதுவும்.

ஹேக்கர்கள் கையில் துப்பாக்கி

இதற்கும் முன்பே, 2013 வாக்கில், அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள டிராக்கிங் பாயின்ட் என்ற நிறுவனம் ஒரு துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் டெலஸ்கோப்புக்குள் லினக்ஸ் ஓடியது! இலக்கைப் பார்த்து ஒரு பட்டனை அழுத்தி அடையாளம் வைத்துவிட்டால் போதும். ட்ரிக்கரை அழுத்திப் பிடித்திருந்தாலும், குறி சரியாக அமையும் கணத்தில்தான் குண்டு வெளியேறும். டெலஸ்கோப்பில் தெரியும் காட்சியை வை-ஃபை மூலம் டேப்லெட்டில் பார்க்கலாம். விலை சுமார் 13,000 டாலர்.

ரூனா சாண்ட்விக், மைக்கேல் ஆகர் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்கள் இருவரும் கணவன் மனைவி. இந்தத் துப்பாக்கிகளில் இரண்டை வாங்கி சுமார் ஒரு வருடம் ஆராய்ந்தார்கள். 2015-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில் முடிவை வெளியிட்டார்கள். துப்பாக்கியின் வை-ஃபையை ஆன் செய்தால், அதற்குக் கம்பெனியே வைத்த பாஸ்வேர்ட்தான் இருந்தது. அது தெரிந்த யார் வேண்டுமானாலும் அருகிலிருந்து உள்ளே நுழையலாம்.

உள்ளே நுழைந்தவர்கள் லேசரைத் தொடவில்லை, துப்பாக்கியையும் தொடவில்லை. கணக்கில் உள்ள ஒரே ஒரு எண்ணை மாற்றினார்கள். சில கிராம் எடையுள்ள குண்டின் எடையை 72 பவுண்ட், அதாவது 30 கிலோவுக்கும் மேல் என்று பதிந்தார்கள். கம்ப்யூட்டரும் அதை அப்படியே நம்பியது. சுட்ட குண்டு இரண்டரை அடி இடதுபுறம் விலகிப் பக்கத்து இலக்கில் பாய்ந்தது!

நல்லவேளை, ட்ரிக்கரை விரலால் அழுத்தினால்தான் சுடும் என்பதால் தூரத்திலிருந்து அவர்களால் சுட முடியவில்லை. ஆனால் துப்பாக்கியைச் சுடாமல் முடக்கிப் போட முடிந்தது. எங்கள் தொழிலில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: அளக்கும் கருவி சரியாக இருந்தால் மட்டும் போதாது. அளந்த எண் போகும் வழியும் பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு இடம் உண்டா?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டை குற்றம். கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைதான். யானை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டப்படி தனி வழக்கு.

"சுடறதுக்கு இல்லப்பா, தூரம் பார்க்கத்தான்" என்றார் சித்தப்பா. அதற்கும் ஒரு கணக்கு சொன்னேன். ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. 100 மீட்டரைக் கடக்க அதற்குப் பதினைந்து நொடி போதும். கருவியைக் கண்ணில் வைத்து எண்ணைப் படிக்கும் தூரத்தில் நீங்கள் நிற்பதே ஆபத்து!

வால்பாறை சொல்லும் பாடம்

அப்படியானால் வயர்லெஸ்ஸால் நமக்குப் பயனே இல்லையா? உண்டு. வால்பாறையில் இயற்கை பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமார் குழுவினர் 2011 முதல் ஒரு முறையை நடத்திவந்தார்கள். யானைகள் எங்கே நிற்கின்றன என்பதை அருகில் வசிப்பவர்களின் செல்போனுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எஸ்.எம்.எஸ். அனுப்புவார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிம் கார்டு. பதிவு செய்யப்பட்ட எண்ணிலிருந்து போன் செய்தால் விளக்கு எரியும். இதற்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

விளக்குக்கு எந்த எண்ணிலிருந்து வேண்டுமானாலும் போன் செய்ய முடியாது என்பதைக் கவனியுங்கள். பதிவு செய்த எண்ணுக்கு மட்டும்தான் அது கட்டுப்படும். 13,000 டாலர் துப்பாக்கியில் இல்லாத எச்சரிக்கை, மலைக்காட்டு விளக்கில் இருந்தது!

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்

இதையெல்லாம் படித்தபோது எனக்கே உறைத்தது. சித்தப்பாவின் மோட்டார் ஷெட்டில் வை-ஃபை கேமரா மாட்டிக் கொடுத்தவன் நான்தான். பெட்டியில் அச்சிட்டிருந்த பாஸ்வேர்டை மாற்றாமலே விட்டிருந்தேன். அந்த கேமராவைப் பார்த்துத்தான் அவர் இரவில் வயலில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். யாராவது உள்ளே புகுந்து படத்தை நிறுத்திவிட்டிருந்தால்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் சரிசெய்தேன். நீங்களும் செய்ய வேண்டியவை இவை:

1. ரூட்டர், கேமரா, ஸ்மார்ட் பல்ப் எதுவானாலும் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். குறைந்தது 12 எழுத்துகள் இருக்கட்டும்.

2. வை-ஃபை பாஸ்வேர்ட் வேறு, ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

3. செட்டிங்ஸில் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்று இருக்கிறதா பாருங்கள்.

4. ஃபர்ம்வேர் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பது அதில்தான்.

5. தேவையில்லாத நேரத்தில் ப்ளூடூத்தை ஆஃப் செய்யுங்கள்.

ஒரு சிறிய பயிற்சியும் உண்டு. வீடு கட்டும் மேஸ்திரிகள் சிலரிடம் இப்போது லேசர் டேப் இருக்கிறது. அளவை ப்ளூடூத்தில் செல்போனுக்கு அனுப்பும் வகையும் வந்துவிட்டது. அதன் சிவப்பு ஒளியைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள். சாதாரண ஸ்டீல் டேப்பால் ஒரு சுவரை அளந்துகொண்டு, பிறகு லேசரால் அளந்து, செல்போனில் வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் நம்பலாம். எண் எங்கே மாறுகிறதோ, அங்கேதான் கோளாறு.

சித்தப்பா கண்ணாடி வாங்கவில்லை. கேமராவின் புது பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கேட்டு, மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். "இதை எந்த ஹேக்கர் வந்து எடுப்பான்?" என்றார். அது சரிதானே!