முதலில் கேட்க வேண்டிய கேள்வி

திட்டத்தோடு வருபவர்கள் வரைபடத்தை விரித்து, “கட்டடத்தின் வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?” என்று கேட்பார்கள். நாமும் பதில் சொல்வோம். ‘மக்கள் பங்குபற்றினர்’ என்று அறிக்கை எழுதப்படும். அந்தக் கட்டடம் நமக்குத் தேவையா என்று மட்டும் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். இது பங்கேற்பாகுமா? தூர தேசத்துப் பழைய புகையிரதப் பாதையொன்றின் கதையைக் கொண்டு சிந்திப்போம்.

பாதையின் கதை

அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் முற்காலத்தில் சரக்குப் புகையிரதங்கள் வீதியின் நடுவே ஓடின. பலர் அவற்றில் அடிபட்டு இறந்தமையால் அது ‘மரண வீதி’ எனப் பெயர்பெற்றது. ஆகவே தூண்களின்மேல் புதிய பாதை கட்டப்பட்டு 1934இல் திறக்கப்பட்டது. பின்னர் லொறிகள் பெருகின. 1980இல் கடைசி வண்டியும் ஓடி முடிந்தது. தண்டவாளங்களிடையே புல்லும் பூஞ்செடிகளும் தாமாகவே வளர்ந்தன.

இப்பாதையை இடித்துவிடும்படி காணிச் சொந்தக்காரர்கள் கேட்டனர். அதைக் காப்பாற்ற, அயலில் வசித்த ஜோசுவா டேவிட், றொபேட் ஹமண்ட் என்ற இருவர் 1999இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். 2003இல் அவர்கள் யோசனை கேட்டபோது 36 நாடுகளிலிருந்து 720 யோசனைகள் வந்தன. அயலவர் கூட்டங்களும் நடந்தன. 2009இல் ‘ஹை லைன்’ என்ற பெயரில் பாதையின் முதற்பகுதி நடைபாதைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2014இல் அது சுமார் 2.3 கிலோமீற்றர் நீளமாயிற்று. பழைய தண்டவாளங்கள் பலவற்றை அங்கே இன்றும் காணலாம்.

வராதவர்கள்

உலகமெங்குமிருந்து மக்கள் அங்கே வந்தனர். சுற்றிலும் காணி விலையும் வாடகையும் ஏறின. ஆனால் அருகிலிருந்த அரசாங்க மாடிவீடுகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களில் அநேகர் வரவில்லை. பூங்கா திறந்த பின்னரே சங்கத்தினர் அவர்களிடம் சென்று காரணம் கேட்டனர். “இது எங்களுக்காகக் கட்டப்பட்டதாகத் தெரியவில்லை, எங்களைப் போன்றவர்களை அங்கே காணவில்லை” என்ற கருத்தே கிடைத்தது.

2017இல் ஹமண்ட் தமது தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பூங்கா எப்படி அமைய வேண்டும் என்று கேட்டோம். உங்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டும் என்பதே அவர் கூறியதன் சாரம். சங்கம் பின்னர் அயலிலுள்ள இளைஞருக்குச் சம்பளத்துடன் வேலைப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. ஏறிய வாடகையை அதனால் இறக்க முடியவில்லை.

நாம் கற்பவை

1. ‘எப்படி’ என்ற கேள்விக்கு முன்னர் ‘எது தேவை’ என்ற கேள்வி வரவேண்டும்.
2. கூட்டத்துக்கு வந்தவர்கள் மட்டும் ஊர் அல்லர். கூலிக்குப் போனவரையும் கைக்குழந்தையோடு வீட்டிலிருப்பவரையும் தேடிச்சென்று கேட்க வேண்டும்.
3. நல்ல திட்டமும் காணி விலையை ஏற்றி எளியவரை வெளியேற்றக்கூடும். அதற்கான பாதுகாப்பை வேலை தொடங்குமுன் பேசி எழுத்தில் பெறவேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நம்மிடம் கடைசியாக வந்த திட்டத்தில் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது? எது கேட்கப்படவில்லை?
2. நமது கூட்டங்களுக்கு வராதவர் யார்? ஏன் வருவதில்லை?
3. அடுத்த திட்டத்தோடு வருபவரிடம் நாம் முதலில் எதைச் சொல்லப்போகிறோம்?